தமிழ்நாட்டில் மனநல, போதை மீட்புச் சீர்திருத்தத்துக்காக வாதாடுவது எப்படி

காதில் குரல்கள் கேட்பதாகச் சொல்லும் ஓர் இளைஞர், அந்தக் குரல்களை அடக்குவதற்காகவே குடிக்கத் தொடங்கி, ஒரு கட்டத்தில் இரண்டிலிருந்தும் மீள முடியாமல் போகிறார். பெற்றோர் அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனால், முதலில் குடியை நிறுத்திவிட்டு வரச் சொல்கிறார்கள். தனியார் போதை மறுவாழ்வு இல்லத்துக்குப் போனால், மனநோய் உள்ளவரைச் சேர்த்துக்கொள்வதில்லை என்கிறார்கள். இந்த அலைக்கழிப்புக்கு யாரோ ஒரு மருத்துவரின் அலட்சியம் மட்டும் காரணமன்று. நிர்வாகமே அப்படி அமைந்திருக்கிறது. மனநோய் ஒரு துறையிடமும், போதை மறுவாழ்வுக்கான நிதியின் ஒரு பகுதி இன்னொரு துறையிடமும், மது விற்பனை மூன்றாவது துறையிடமும் இருக்கின்றன.

இதை மாநில அளவில் மாற்ற வேண்டும் என்று நினைக்கிற குடும்பத்தினர், நோயிலிருந்து மீண்டவர்கள், ஆசிரியர்கள், சிறு தொண்டு அமைப்பினர் ஆகியோருக்காக எழுதப்பட்டவை இக்குறிப்புகள். பெரிய அமைப்புகளிடம் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், செயலகத்தில் அறிமுகமும் இருக்கிறது. இங்கே கருதப்படுவது ஐந்தாறு பேர் கொண்ட, கையில் பெரிதாகப் பணம் இல்லாத ஒரு குழு. அப்படிப்பட்ட குழுவாலும் நிறையச் செய்ய முடியும். ஆனால், புதிய சட்டம் வேண்டும், தனி வாரியம் வேண்டும் என்று கேட்பதைவிட, இருக்கிற சட்டத்தை எந்த அலுவலர், எந்த நிதியிலிருந்து, எந்தத் தேதிக்குள் நிறைவேற்றப் போகிறார் என்று கேட்பதில்தான் அதன் வலிமை இருக்கிறது.

கடையை மூடுவதும் நோயைத் தீர்ப்பதும்

தமிழ்நாட்டில் இந்த வேலையில் இறங்குபவர் முதலில் சந்திக்கும் சிக்கல், மதுவைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே பேச்சு மதுவிலக்குக்குப் போய்விடுவதுதான். அதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1937இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார்; 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தொடங்கப்பட்டது; 2003 இறுதியில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 2015 ஜூலையில் காந்தியவாதி சசிபெருமாள், கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் ஒரு கடையை அகற்றக் கோரி நடத்திய போராட்டத்தின்போது உயிரிழந்தார். அதன்பின் 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் 500 கடைகள் வீதம் மூடப்பட்டன. இத்தனைக்குப் பிறகும் மதுவால் அரசுக்குக் கிடைக்கும் ஆண்டு வருவாய் 40,000 கோடி ரூபாய்க்கு மேல்தான் இருக்கிறது.

கடைகளின் எண்ணிக்கையைப் பற்றிய இந்த நெடிய விவாதத்தில், ஏற்கெனவே குடிநோய்க்கு ஆளானவருக்கு எங்கே சிகிச்சை என்ற கேள்வி இரு தரப்பாலும் மறக்கப்பட்டது என்பதே என் கருத்து. கடை மூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு தரப்பு நினைக்கிறது. கடை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்று மறுதரப்பு சொல்கிறது. 2020 ஊரடங்கில் கடைகள் ஒரேயடியாக மூடப்பட்டபோது என்ன நடந்தது என்பதை இரு தரப்பும் நினைவில் கொள்ள வேண்டும். புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையில் சிலர் சவரத்துக்குப் பின் தடவும் லோஷனைக் குளிர்பானத்தில் கலந்து குடித்து இறந்தார்கள். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது, முதல் சில நாட்களுக்குள் வலிப்பு வரலாம், மனக்குழப்பம் வரலாம், உயிரே போகலாம். மருத்துவ மேற்பார்வையில் சில நாட்கள் மாத்திரையும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் கொடுத்தால் பெரும்பாலும் தடுக்கக்கூடிய மரணம் அது.

ஆகவே சிகிச்சைக் கோரிக்கையை மதுவிலக்குக் கோரிக்கையிலிருந்து பிரித்து, தனியாக நிற்கும்படி வைக்க வேண்டும். இதில் ஒரு தந்திரமும் இருக்கிறது: மதுவிலக்கை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் ஒரே மனுவில் கையெழுத்திட முடியும். ஆளுங்கட்சி உறுப்பினரிடமும் அதைக் கூச்சமின்றிக் கொடுக்கலாம். உங்கள் குழுவில் சிலருக்கு மதுவிலக்கில் உறுதியான நம்பிக்கை இருக்கக்கூடும். அதை அவர்கள் வேறு மேடையில் தாராளமாகப் பேசட்டும்.

கோரிக்கைகள் மூன்றுக்கு மேல் வேண்டாம். வட்ட மருத்துவமனை வரையில் குடிநிறுத்த சிகிச்சைக்குப் படுக்கைகள். மனநோய் மாத்திரைகள் மாதந்தோறும் தடையின்றிக் கிடைத்தல். தனியார் மறுவாழ்வு இல்லங்களை முறையாகத் தணிக்கை செய்தல். இப்படி, நிறைவேறியதா இல்லையா என்று எவரும் நேரில் போய்ப் பார்த்துச் சொல்லக்கூடிய கோரிக்கைகளாக இருக்க வேண்டும். ‘விழிப்புணர்வை மேம்படுத்த வேண்டும்’ என்று கேட்டால் ஒரு பேரணியும் ஒரு பதாகையுமாக அது முடிந்துவிடும்.

சட்டம் ஏற்கெனவே தந்திருப்பவை

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. வாதாடுபவர் அதை முழுமையாக ஒருமுறை படித்தே ஆக வேண்டும். இணையத்தில் சுருக்கங்கள் ஏராளமாகக் கிடைத்தாலும், அலுவலர் முன்னால் அமர்ந்து பேசும்போது பிரிவு எண் சொல்லத் தெரிந்தவரின் பேச்சுக்கு இருக்கும் மதிப்பே வேறு.

முதலில் 2ஆவது பிரிவின் வரையறை. மது, போதைப்பொருள் ஆகியவற்றின் தவறான பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளும் மனநோய் என்ற சொல்லுக்குள் அடங்கும் என்று அது சொல்கிறது. இந்த ஒரு வரியே உங்கள் வாதத்தின் அடித்தளம். மனநோயாளிக்குச் சட்டம் எந்த உரிமைகளைத் தருகிறதோ, அவை குடிநோய்க்குச் சிகிச்சை பெறுபவருக்கும் உண்டு. மனநல நிலையத்துக்கு எந்தப் பதிவு தேவையோ, அது போதை மறுவாழ்வு இல்லத்துக்கும் தேவை.

18ஆவது பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறுவதை ஓர் உரிமையாக்குகிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சிகிச்சை இலவசம். இடைநிலை இல்லங்களும் ஆதரவுடன் கூடிய குடியிருப்புகளும் அரசு ஏற்படுத்த வேண்டியவை. குறைந்தபட்சச் சேவைகள் மாவட்டத்தில் இல்லையென்றால், அதே மாவட்டத்தில் வேறு நிலையத்தில் பெறும் சிகிச்சையின் செலவை அரசே ஏற்க வேண்டும் என்பதும் இதே பிரிவில் இருக்கிறது. இந்தக் கடைசி வாசகத்தை நம்மில் பலர் கவனிப்பதே இல்லை. ஒரு குடும்பம் தனியார் சிகிச்சைக்குச் செலவழித்த ரசீதுகளை இணைத்து, இந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டி மனுச் செய்தால், இல்லாத சேவைக்கு ஒரு விலை இருக்கிறது என்பது நிர்வாகத்துக்கு எழுத்தில் பதிவாகிறது. உடனே பணம் கிடைக்காமல் போகலாம். ஆனால் அப்படிப் பத்து மனுக்கள் ஒரே மாவட்டத்திலிருந்து போனால் அவற்றுக்கு ஒரு கோப்பு திறக்கப்படும்.

20ஆவது பிரிவு மனிதத்தன்மையற்ற நடத்தையைத் தடுக்கிறது. கட்டாயமாக மொட்டையடித்தலும் கட்டாயச் சீருடையும் கூடாது. 95ஆவது பிரிவு எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. 21ஆவது பிரிவு, உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தரவேண்டும் என்கிறது. 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைப் பொதுவான குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவே இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தும் நோக்கில் செய்யப்படும் முயற்சி மட்டுமே அதில் தனிக் குற்றமாக இருக்கிறது.

நேரம் நெருங்கும் ஒரு பிரிவும் உண்டு. மக்கள்தொகைக்கு ஏற்ற மனநலப் பணியாளர் எண்ணிக்கையைச் சர்வதேச அளவுகோலுக்கு இணையாகக் கொண்டுவர, சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து பத்து ஆண்டுகளுக்குள் அரசு முயற்சி எடுக்க வேண்டும் என்று 31ஆவது பிரிவு சொல்கிறது. அந்தக் கெடு 2028இல் முடிகிறது. சட்டமே குறித்துக் கொடுத்த கெடு வாதாடுபவருக்கு அரிதாகவே வாய்க்கும். அதை ஒவ்வொரு மனுவிலும் எழுதுங்கள்.

எது யார் கையில்

தவறான வாசலில் கொடுக்கப்பட்ட மனு, சரியான வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் களைத்துவிடும். நல்வாழ்வுத் துறைக்குள்ளேயே மூன்று இயக்ககங்கள் இருக்கின்றன. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழும், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளும் வட்ட மருத்துவமனைகளும் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின் கீழும், ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதாரத் துறை இயக்ககத்தின் கீழும் வருகின்றன. உங்கள் வட்ட மருத்துவமனையில் குடிநிறுத்தப் படுக்கை வேண்டுமென்றால் மாவட்டத்தில் நீங்கள் பார்க்க வேண்டியவர் நலப்பணிகள் இணை இயக்குநர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இல்லையென்றால் மாவட்ட சுகாதார அலுவலர் (முன்பு துணை இயக்குநர், சுகாதாரப் பணிகள் எனப்பட்டவர்).

மருந்துகளைக் கொள்முதல் செய்வது 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அதன் மருந்துப் பட்டியலில் ஒரு மருந்து இருந்தும் உங்கள் ஊர் மருத்துவமனையில் இல்லையென்றால் அது விநியோகச் சிக்கல். பட்டியலிலேயே இல்லையென்றால் அது கொள்கைச் சிக்கல். இரண்டுக்கும் மனு வேறு, பெறுநர் வேறு. ‘ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க’ என்று மருந்தகச் சாளரத்தில் சொல்லப்படும் ஒவ்வொரு முறையும் தேதியையும் மருந்தின் பெயரையும் நோயாளியின் சீட்டிலேயே குறித்து வையுங்கள். ரிஸ்பெரிடோன், ஓலன்சபின், லித்தியம் போன்ற மாத்திரைகள் இரண்டு வாரம் தடைப்பட்டால் மாதக்கணக்கில் தேறியவர் மீண்டும் படுத்துவிடக்கூடும் என்பதை, அந்தத் தேதிகளின் பட்டியல் எந்தச் சொற்பொழிவையும்விடத் தெளிவாகக் காட்டும்.

மாவட்ட மனநலத் திட்டம் 1996–97இல் நாட்டிலேயே முதலில் தொடங்கப்பட்ட நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. பின்னர் அது மாநிலம் முழுவதும் விரிந்தது. அதற்கான நிதி தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் வழியாக, மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற விகிதத்தில் வருகிறது. ஆட்சியர் தலைமையிலான மாவட்ட நலவாழ்வுச் சங்கம் திட்ட வரைவை அனுப்புவதற்கு முன்பே உங்கள் கோரிக்கை அதில் இடம்பெற வேண்டும். ஒப்புதல் வந்தபின் கேட்டால், அடுத்த சுற்றில் பார்க்கலாம் என்ற பதில்தான் வரும். தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்கள் பலவற்றுக்கு நிதி தருவது மத்திய சமூகநீதி அமைச்சகம். டாஸ்மாக் இருப்பதோ மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையிடம். மது வருவாயில் ஒரு குறிப்பிட்ட பங்கைச் சிகிச்சைக்கு ஒதுக்குங்கள் என்று கேட்க விரும்பினால், அதை நிதித்துறைக்கும் சேர்த்து அனுப்ப வேண்டும். நல்வாழ்வுத் துறைக்கு மட்டும் அனுப்பினால், எங்கள் வரம்பில் இல்லை என்ற ஒற்றை வரியோடு திரும்பும்.

2017 சட்டத்தின்படி அமைந்த மாநில மனநல ஆணையத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மனநோய் உள்ளவர் அல்லது இருந்து மீண்டவர் இருவர், பராமரிப்பாளர்கள் இருவர், தொண்டு நிறுவனப் பிரதிநிதிகள் இருவர் அதில் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று 46ஆவது பிரிவு சொல்கிறது. அந்த ஆறு இடங்களில் இன்று யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். காலியாக இருந்தால் பெயர்களைப் பரிந்துரையுங்கள். மாவட்டத்துக்கோ சில மாவட்டங்களுக்குச் சேர்த்தோ அமைந்து, நோயாளிகளின் உரிமை பற்றிய முறையீடுகளை விசாரிக்கும் மனநலச் சீராய்வு வாரியங்களிலும் நோயாளிகள், பராமரிப்பாளர்கள், தொண்டு நிறுவனத்தினர் ஆகியோரிலிருந்து இரு உறுப்பினர்கள் இருக்க வேண்டும்.

கேள்வி கேட்டுத் தகவல் பெறுதல்

மனுவுக்கு முன் தகவல் வேண்டும். தகவலுக்கு முன் நல்ல கேள்வி வேண்டும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பும் விண்ணப்பத்துக்கு 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். ‘மாவட்டத்தில் மனநலச் சேவைகள் எப்படி உள்ளன?’ என்று கேட்டால், சிறப்பாக உள்ளன என்று பதில் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘கடந்த மூன்று நிதியாண்டுகளில் மாவட்ட மனநலத் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை, செலவிடப்பட்ட தொகை, திருப்பி ஒப்படைக்கப்பட்ட தொகை ஆகியவற்றை ஆண்டுவாரியாகத் தருக. திட்டத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள், நிரப்பப்பட்டவை, காலியாக இருப்பவை, காலியான தேதி ஆகியவற்றைத் தருக. மனநலச் சீராய்வு வாரியம் கூடிய தேதிகளையும், பெறப்பட்ட மனுக்கள், முடிக்கப்பட்ட மனுக்கள் ஆகியவற்றின் எண்ணிக்கையையும் தருக.’

ஒரு விண்ணப்பத்தில் ஒரு பொருளை மட்டும் கேட்பது நல்லது. தனி நோயாளி எவரைப் பற்றியும் கேட்கக் கூடாது. பதில் வராவிட்டால் 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு, பின் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையத்தில் வழக்கு நெடுநாள் காத்திருக்கும் என்பதால், அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். கேட்காமலே கிடைப்பவையும் உண்டு. ஆண்டுதோறும் துறைக்கான நிதியைச் சட்டமன்றத்தில் கேட்கும் மானியக் கோரிக்கையின்போது வெளியாகும் நல்வாழ்வுத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பும், தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் இணையதளத்தில் மாநிலவாரியாக வெளியிடப்படும் ஒப்புதல் ஆவணமும் பொதுவெளியில் இருக்கின்றன. பின்னதில் மனநலத்துக்கு ஒப்புதல் ஆன தொகைகளைச் செலவுத் தலைப்புவாரியாகப் பார்க்கலாம்.

எண்களைக் கையாள்வதில் நிதானம் வேண்டும். பெங்களூருவிலுள்ள மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16 தேசிய மனநல ஆய்வு தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடந்தது. வெவ்வேறு மனநோய்களில் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சையின்றி இருப்பதாக அது கண்டது. எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வு, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகவும், உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவரே என்றும் சொன்னது. இவை அனைத்திந்திய எண்கள். அவற்றை உங்கள் மாவட்டத்தின் எண்கள் போலக் காட்டினால், விவரம் தெரிந்த ஓர் அலுவலர் ஒரே கேள்வியில் உங்கள் மனு முழுவதையும் சாய்த்துவிடுவார்.

மனு

மனு ஒரு பக்கத்துக்குள் இருக்க வேண்டும். பொருள் என்ற இடத்தில் கோரிக்கை முழுதும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட வேண்டும். பார்வை என்ற இடத்தில் சட்டப் பிரிவு, தகவல் உரிமைப் பதிலின் ந.க. எண் (அலுவலகக் கோப்பு எண்), முந்தைய மனுவின் தேதி. உடல்பகுதியை இப்படி அமைக்கலாம்: ‘எங்கள் வட்டத்தில் குடிநிறுத்த சிகிச்சை அளிக்கும் அரசு மருத்துவமனை எதுவும் இல்லை என்று பார்வை 2இல் காணும் பதில் தெரிவிக்கிறது. மிக அருகிலுள்ள சிகிச்சைப் பிரிவு பேருந்தில் இரண்டரை மணி நேரத் தொலைவில் உள்ளது. எனவே வட்ட அரசு மருத்துவமனையில் நான்கு படுக்கைகளை இதற்கென ஒதுக்கி, பணியிலுள்ள மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி அளித்து, தேவையான மருந்துகளை இருப்பில் வைக்க ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.’ புதிய கட்டடம் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இருக்கிற கட்டடத்தில், இருக்கிற பணியாளரைக் கொண்டு செய்யக்கூடியதை முதலில் கேட்டால் மறுப்பதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுக்கும் மனுவுக்கு ஒரு பதிவு எண் கிடைக்கும். பெரும்பாலும் அது ‘தகுந்த நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது’ என்ற குறிப்போடு முடிக்கப்பட்டதாகக் காட்டப்படும். அங்கேயே நின்றுவிடாமல், அதே எண்ணைப் பார்வையில் குறித்து, யாருக்கு அனுப்பப்பட்டதோ அவரிடம் அடுத்த மனுவைக் கொடுக்க வேண்டும். கிராம சபைத் தீர்மானமும் பயன்படும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டில் ஆறு முறை கூடும் சபைகளில், கடையை அகற்றும் தீர்மானத்துக்குப் பழகிப்போன ஊர்கள் சிகிச்சைப் படுக்கை கேட்டுத் தீர்மானம் போட்டால், அதுவே உள்ளூர்ச் செய்தியாகும்.

சட்டமன்றம்

234 உறுப்பினர்களில் மனநலத்தைப் பற்றித் தொடர்ந்து பேசுபவர்கள் மிகச் சிலர். அதை அக்கறையின்மை என்று மட்டும் எண்ண வேண்டாம். அவர்கள் கையில் யாரும் தயாரான கேள்வியைக் கொடுப்பதில்லை. உறுப்பினரைப் பார்க்கப் போகும்போது இருபது பக்க அறிக்கையைவிட, கேள்வி நேரத்துக்கு அப்படியே அனுப்பக்கூடிய வடிவில் எழுதிய இரண்டு கேள்விகளைக் கொண்டுபோங்கள். கேள்வியைத் தட்டச்சு செய்து அனுப்புபவர் பெரும்பாலும் அவருடைய உதவியாளர்தான் என்பதால், அவரோடும் நல்லுறவு வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் வரும் நிதிநிலை அறிக்கைக்கு மூன்று மாதம் முன்பாவது இது தொடங்க வேண்டும். மானியக் கோரிக்கை விவாதத்தில் பேச வாய்ப்புக் கிடைக்கும் உறுப்பினருக்கு ஒரு பத்தி எழுதிக் கொடுத்தால், உங்கள் வட்ட மருத்துவமனையின் பெயர் அவைக் குறிப்பில் ஏறும்.

அதிகம் அறியப்படாத இரண்டு குழுக்கள் பேரவையில் இருக்கின்றன. மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு நேரில் வருகிறது; வருகைக்கு முன் மனுக்களை அனுப்பக் கோரி அறிவிப்பும் வெளியாகிறது. அலுவலர்களை எதிரே உட்கார வைத்து உங்கள் மனுவைப் படிக்கும் அரிய இடம் அது. அமைச்சர் அவையில் கொடுத்த வாக்குறுதி நிறைவேறியதா என்று பார்ப்பது அரசு உறுதிமொழிக் குழு. பேரவையின் 110ஆவது விதியின் கீழும் மானியக் கோரிக்கைப் பதிலுரையிலும் வரும் அறிவிப்புகளைத் தேதியோடு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கும் பழக்கம் குழுவில் ஒருவருக்காவது இருக்க வேண்டும்.

துயரம் நிகழ்ந்த பிறகு

2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் கூரை வேய்ந்த ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பற்றி, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. உரிமம் இல்லாத காப்பகங்கள் மூடப்பட்டன. மூடும் ஆணை ஒரே வாரத்தில் வந்துவிடும். மூடப்பட்ட இடத்திலிருந்து வெளியே வந்தவர் தம் ஊரிலேயே மருந்தும் மருத்துவரும் பெறும் ஏற்பாட்டுக்குப் பல ஆண்டுகள் ஆகும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் அதே வரிசைதான்: இழப்பீடு, கைதுகள், பணியிடை நீக்கங்கள், பின்னர் மதுவிலக்குச் சட்டத்தில் தண்டனையைக் கூட்டிய திருத்தம். தண்டனை கூடியதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மலிவான சாராயத்தைத் தேடிப்போகும் நிலையில் இருந்தவருக்குச் சிகிச்சை எங்கே என்ற கேள்வி அந்த வாரத்தில் அரிதாகவே எழுந்தது.

இதிலிருந்து வாதாடுபவர் எடுத்துக்கொள்ள வேண்டிய முன்னெச்சரிக்கை எளியது. துயரம் நிகழ்ந்த மறுவாரத்தில் அரசு எதையாவது அறிவித்தாக வேண்டிய நிலையில் இருக்கும். கையில் தயாராக இருப்பதைத்தான் அறிவிக்கும். எந்த மருத்துவமனையில், எத்தனை படுக்கை, என்ன மருந்து, என்ன செலவு என்று கணக்கிட்ட இரண்டு பக்க வரைவு உங்களிடமும், மாவட்டத்தில் உங்களை மதிக்கும் ஒரு மருத்துவரிடமும், ஒரு செய்தியாளரிடமும் முன்கூட்டியே இருக்க வேண்டும். அந்த வாரத்தில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினால் நேரம் போய்விடும்.

தணிக்கை பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். பதிவு பெற்ற மனநல நிலையங்களை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தணிக்கை செய்ய வேண்டும் என்றும், தணிக்கை செய்வோரில் உள்ளூர்ச் சமூகப் பிரதிநிதிகளும் இருக்கலாம் என்றும் 67ஆவது பிரிவு சொல்கிறது. தனியார் மறுவாழ்வு இல்லத்தில் நோயாளியை அடித்ததாகச் செய்தி வந்தபின் ஆய்வுக்கு ஓடுவதைவிட, முறையான தணிக்கைக் குழுவில் இடம் கேட்பது மேல். நிலையத்தின் சுவரில் சீராய்வு வாரியத்தின் முகவரி தெரியும்படி எழுதப்பட்டிருக்கிறதா என்பதை வாசலில் நின்றே பார்க்கலாம்; 72ஆவது பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது.

யார் பேசுவது, எப்படிப் பேசுவது

சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் போதை மீட்புக்காகத் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை, 1984இல் சாரதா மேனன் மனச்சிதைவு நோய்க்காகத் தொடங்கிய ஸ்கார்ஃப், 1986இல் லட்சுமி விஜயகுமார் தற்கொலைத் தடுப்புக்காகத் தொடங்கிய சினேகா, வீடற்ற மனநோயாளிகளுக்காக 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் தொடங்கிய பேன்யன் ஆகியவற்றின் நீண்ட உழைப்பு இல்லாமல் இந்த மாநிலத்தில் இன்றிருக்கும் அளவுக்கு இந்தப் பேச்சு வந்திருக்காது. அவர்களோடு தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆட்சியர் அறையில் முதலில் பேச வேண்டியவர் உங்கள் வட்டத்தைச் சேர்ந்த மீண்டவரோ, மகனுக்கு மாதந்தோறும் மாத்திரை வாங்கிவரும் தாயோதான். அவர் பேச ஒப்புக்கொள்வதும், எதைச் சொல்லலாம் எதைச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்வதும் முழுக்க அவருடைய உரிமை. நேற்று ஒப்புக்கொண்டவர் இன்று வேண்டாம் என்றால் அதற்குக் காரணம் கேட்கக் கூடாது. சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ விவரத்தையோ அவர் ஒப்புதலின்றி ஊடகத்துக்குத் தருவதை 24ஆவது பிரிவு தடுக்கிறது. நல்ல நோக்கத்தோடு எடுத்த படமானாலும் இந்த விதி பொருந்தும். தற்கொலையைப் பற்றிப் பேச நேர்ந்தால் முறையையும் இடத்தையும் விவரிக்காமல், 14416 என்ற, அரசின் இலவச மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண்ணைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதழ்களுக்கு இந்திய பத்திரிகை மன்றம் 2019இல் வகுத்த நெறிமுறையும் இதையே கேட்கிறது.

மருத்துவர்களையும் செவிலியர்களையும் எதிரணியாக்கிவிடாதீர்கள். ஒரே மனநல மருத்துவர் முகாமுக்கும் புறநோயாளிப் பிரிவுக்கும் நீதிமன்றச் சாட்சியத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கும் மாவட்டத்தில், அவருக்கும் உங்களுக்கும் கோரிக்கை ஒன்றுதான். அவரால் எழுத்தில் சொல்ல முடியாததை உங்களால் சொல்ல முடியும்.

நீதிமன்றம் கடைசி வழியாக இருக்கட்டும். உயர் நீதிமன்றத்திலோ அதன் மதுரைக் கிளையிலோ பொதுநல வழக்குத் தொடுக்கலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவியும் உண்டு. மனுக்களும் ந.க. எண்களும் தகவல் உரிமைப் பதில்களும் வரிசையாக இருக்கும் வழக்கை நீதிமன்றம் எளிதில் ஒதுக்காது. அவை இல்லாமல் போனால், முதலில் உரிய அலுவலரிடம் மனுக் கொடுங்கள் என்று திருப்பி அனுப்பிவிடும்.

அரசாணை வந்த பிறகு

அரசாணை கைக்கு வந்ததும் அதன் கடைசிப் பத்திகளை முதலில் படியுங்கள். கொள்கை அளவில் ஏற்கப்பட்டது என்று மட்டும் இருந்தால் பணம் வரவில்லை. நிதி ஒப்பளிப்பும் கணக்குத் தலைப்பும் இருந்தால் வந்திருக்கிறது. பணியிடங்கள் புதிதாக உருவாக்கப்பட்டனவா, அல்லது இன்னொரு மருத்துவமனையிலிருந்து மாற்றுப்பணியில் எடுக்கப்பட்டனவா என்றும் பார்க்க வேண்டும். பின்னது நடந்திருந்தால் ஓர் ஊரின் பற்றாக்குறை அடுத்த ஊருக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். 2025 தொடக்கத்தில் அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்கள் திறக்கப்பட்டன. மாவட்டங்கள் 38. உங்கள் மாவட்டத்தில் மையம் இருந்தால் இரவில் நோயாளியைச் சேர்க்கிறார்களா, மனநோயும் போதையும் சேர்ந்து இருப்பவரை ஏற்கிறார்களா, பெண்களுக்குத் தனி இடம் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள்; இல்லையென்றால் எப்போது வரும் என்று எழுத்தில் கேளுங்கள். அடுத்த ஆண்டின் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியானதும் மனநலப் பகுதியை இந்த ஆண்டுக் குறிப்போடு வரிக்கு வரி ஒப்பிட்டு, மாறாத எண்களைக் கோடிட்டு, அமைச்சரின் அறிவிப்புத் தேதியோடு சேர்த்து அரசு உறுதிமொழிக் குழுவுக்கு அனுப்புங்கள்.